ஸ்பேட்புர்குண்டருக்கு எது துணை?

கேட்டவர் ஷ்டுட்கார்ட்டுக்கு வேலை மாற்றலாகி வந்திருக்கும் தமிழர். நவம்பரில் அலுவலக நண்பர் வீட்டில் விருந்து. "மான் இறைச்சி சமைக்கிறோம், நீங்கள் ஒரு சிவப்பு ஒயின் மட்டும் கொண்டுவாருங்கள், ஜெர்மன் ஒயினாக இருக்கட்டும், இனிப்பு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார்களாம். கடைக்குப் போனால் ஒரு சுவர் முழுக்கப் புட்டிகள். எதை எடுப்பது, சைவ உணவு மட்டுமே உண்ணும் மனைவிக்கு அதோடு எது பொருந்தும், பின்னாளில் நம் வீட்டுச் சமையலோடு அதே ஒயினைக் குடிக்கலாமா என்று மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

அவசரத்தில் இருந்தால் இவ்வளவு போதும்: ஸ்பேட்புர்குண்டர் என்ற திராட்சையில் செய்த, 'ட்ரோக்கன்' (இனிப்பற்றது) என்று அச்சிட்ட, பாடன் அல்லது ஆர் பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஒரு புட்டியை வாங்குங்கள். கொஞ்சம் குளிரவைத்துக் கொண்டுபோங்கள். மானுக்கு அதைவிடப் பொருத்தமான ஜெர்மன் ஒயின் கிடையாது என்பது என் தீர்ப்பு. நேரம் இருந்தால் மேலே படியுங்கள். ஏனென்றால் ஜெர்மன் சிவப்பு ஒயினை வாங்குபவர்களில் பலர் அதில் இல்லாத ஒன்றைத் தேடி ஏமாந்துபோகிறார்கள்.

அவர்கள் தேடுவது கனம். பிரான்சின் போர்தோ, ஆஸ்திரேலியாவின் ஷிராஸ் போன்றவற்றைக் குடித்துப் பழகியவர்களுக்குச் சிவப்பு ஒயின் என்றால் கருஞ்சிவப்பாக, நாக்கைப் பிடிக்கும் துவர்ப்போடு இருக்கவேண்டும். ஸ்பேட்புர்குண்டரைக் கண்ணாடிக் குவளையில் ஊற்றினால் மறுபக்கத்தில் இருக்கும் விரல் தெரியும். 'தண்ணீர் கலந்ததா?' என்று கேட்கத் தோன்றும். தோல் மெல்லிய திராட்சை அது. தோலில்தான் நிறமும் துவர்ப்பும் இருக்கின்றன, ஆகவே இரண்டும் குறைவு. அதற்கு ஈடாக அதில் மிகுந்திருப்பது புளிப்பும் மணமும். செர்ரி, ராஸ்பெர்ரி, நனைந்த இலைச்சருகு, சில நேரங்களில் லேசான புகை. இந்தப் புளிப்புதான் அதைச் சாப்பாட்டு மேசையின் ஒயினாக்குகிறது. கனமான ஒயின் தட்டில் இருப்பதை அமுக்கிவிடும். இது ஒதுங்கி நின்று இடம் விடும்.

பெயரைப் பார்த்து மிரளவேண்டாம். பிரெஞ்சுக்காரர்கள் பினோ நுவார் என்று அழைக்கும் அதே திராட்சைதான் ஸ்பேட்புர்குண்டர். ஜெர்மனியில் ஏறக்குறைய 11,500 ஹெக்டேரில் பயிராகிறது. பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தபடியாக உலகில் இதை அதிகம் பயிரிடும் நாடு ஜெர்மனி. வெள்ளை ஒயின் நாடு என்றே அறியப்பட்ட தேசத்துக்கு இது பெரிய அளவு. நேற்று வந்த பயிரும் அல்ல. ரைன்காவ் பகுதியில் 1470-லேயே இதற்கு எழுத்துச் சான்று உண்டு. எபர்பாக் மடத்தின் சிஸ்டர்சியன் துறவிகள் அஸ்மன்ஸ்ஹவுசன் என்ற ஊரில் ரைன் ஆற்றுக்கு மேலே செங்குத்தான சரிவுகளில் இதை வளர்த்தார்கள். அங்குள்ள ஹோலன்பெர்க் தோட்டம் இன்றும் புகழோடு இருக்கிறது.

பிறகு ஏன் ஜெர்மன் சிவப்பு என்றால் உலகம் உதட்டைப் பிதுக்கியது? 1970-களிலும் 80-களிலும் கடைக்கு வந்தவற்றில் பெரும்பாலானவை வெளிறிய நிறத்தில், லேசான இனிப்போடு, கொடி நிறைய காய்க்கவைத்துச் செய்த ஒயின்கள். அதிக விளைச்சல் தரும் கொடி வகைகளையே தேர்ந்தெடுத்து நட்டிருந்தார்கள். சில இடங்களில் நிறம் வேண்டுமென்பதற்காகத் திராட்சைக் கூழைச் சூடாக்கிச் சாறு பிழிந்தார்கள். நிறம் கிடைத்தது, ஆழம் கிடைக்கவில்லை. 80-களில் ஒரு தலைமுறை விழித்துக்கொண்டது. பாடனில் மால்டர்டிங்கன் ஊரைச் சேர்ந்த பெர்ன்ஹார்ட் ஹூபர், ஃபிராங்கன் பகுதியில் பூர்க்ஷ்டட் ஊரின் பவுல் ஃபூர்ஸ்ட், ஆர் பள்ளத்தாக்கில் வெர்னர் நேக்கல், ஃபால்ஸ் பகுதியின் தென்கோடியில் ஃப்ரீட்ரிஷ் பெக்கர் ஆகியோர் விளைச்சலைக் குறைத்தார்கள், பிரான்சின் பர்கண்டியிலிருந்து கொடி வகைகளைத் தருவித்தார்கள், தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டார்கள், சிறிய ஓக் பீப்பாய்களில் முதிரவிட்டார்கள். அரசுச் சுவைப் பரிசோதனைக் குழுக்களுக்கு அந்த ஓக் வாசனை பிடிபடவில்லை. தரமான ஒயின் என்ற முத்திரை மறுக்கப்பட்டதால் சிலர் தங்கள் மிகச் சிறந்த ஒயினைச் சாதாரண மேசை ஒயின் என்ற கடைநிலை வகையில் விற்கவேண்டியிருந்தது. பெக்கரின் புட்டியில் நரியும் திராட்சையும் படமாக இருக்கும். 'சீச்சீ, இந்தப் பழம் புளிக்கும்' கதை நமக்குத் தெரிந்ததுதானே. அவருடைய தோட்டங்களில் ஒரு பகுதி எல்லையைத் தாண்டிப் பிரான்சின் மண்ணில் இருக்கிறது. ஆனாலும் ஒயின் ஜெர்மன் பெயரில்தான் விற்பனைக்கு வருகிறது. ஐரோப்பிய வரலாற்றின் விசித்திரங்களில் இதுவும் ஒன்று.

இனி கடைச் சுவருக்கு வருவோம். முதலில் தேடவேண்டிய சொல் 'ட்ரோக்கன்', அதாவது இனிப்பற்றது. சட்டப்படி லிட்டருக்கு 4 கிராம் வரை எஞ்சிய சர்க்கரை இருக்கலாம். புளிப்பு போதுமான அளவு இருந்தால் 9 கிராம் வரை அனுமதி. 9 கிராம் என்றதும் பதறவேண்டாம், அந்தப் புளிப்போடு சேரும்போது நாக்குக்கு இனிப்பாகத் தெரியாது. அதற்கு அடுத்த படி 'ஹால்ப்ட்ரோக்கன்', பாதி இனிப்பு. 'ஃபைன்ஹெர்ப்' என்ற சொல்லுக்குச் சட்ட வரையறையே இல்லை. பெரும்பாலும் லேசான இனிப்புள்ள ஒயின். 'லீப்லிஷ்' என்று இருந்தால் திரும்பிப் பார்க்காமல் நகருங்கள், அது இனிப்பு ஒயின். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களுக்கு மூலப்பொருள் பட்டியலும் ஊட்டச்சத்து விவரமும் கட்டாயம். பெரும்பாலும் புட்டியின் பின்பக்கம் உள்ள க்யூஆர் கட்டத்தைக் கைப்பேசியில் காட்டினால் 100 மில்லிக்கு எவ்வளவு சர்க்கரை என்று தெரிந்துவிடும். சந்தேகப் பிராணிகளுக்கு உதவும்.

இரண்டாவது குழப்பம் கபினெட், ஸ்பேட்லேஸ, அவுஸ்லேஸ என்ற படிநிலைகள். இவை அறுவடையின்போது திராட்சைச் சாற்றில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதைக் குறிப்பவை. புட்டியில் எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்பதை அல்ல. சர்க்கரை முழுவதும் நொதித்து ஆல்கஹாலாக மாறியிருந்தால் 'ஸ்பேட்லேஸ ட்ரோக்கன்' முற்றிலும் இனிப்பற்ற ஒயின்தான், கொஞ்சம் செறிவு கூடுதலாக இருக்கும். இந்தப் படிநிலைகளில் வரும் ஒயினுக்கு நொதிக்கும் முன் வெளியிலிருந்து சர்க்கரை சேர்க்கச் சட்டம் இடம் தருவதில்லை. நல்ல சிவப்பு ஒயின் செய்பவர்கள் பலர் இப்போது இந்தப் பெயர்களையே கைவிட்டு, ஊரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் மட்டும் போடுகிறார்கள். புட்டியின் கழுத்து உறையில் திராட்சைக் குலையோடு ஒரு கழுகுச் சின்னம் இருந்தால் அது 1910-இல் தொடங்கிய வி.டி.பி. என்ற தோட்டக்காரர் சங்கத்தின் உறுப்பினருடையது. 'ஜி.ஜி.' என்ற எழுத்துகள் அவர்களுடைய உச்சத் தோட்டங்களின் இனிப்பற்ற ஒயினைக் குறிப்பவை. விருந்துக்கு ஜி.ஜி. தேவையில்லை. விலை கூசவைக்கும், தவிர இளம் ஜி.ஜி. பல நேரங்களில் இறுக்கமாகத்தான் இருக்கும், ஐந்தாறு ஆண்டுகள் காத்திருக்கவேண்டும். ஊர்ப்பெயர் மட்டும் உள்ள நடுப்படி ஒயினை, வி.டி.பி. வழக்கில் 'ஓர்ட்ஸ்வைன்' என்பதை எடுங்கள். கொடுத்த பணத்துக்கு நிறைவு தருவது அந்தப் படிதான்.

டோர்ன்ஃபெல்டர் என்ற பெயர் அடிக்கடி கண்ணில் படும். 1955-இல் வைன்ஸ்பெர்க் ஆராய்ச்சி நிலையத்தில் அவுகுஸ்ட் ஹெரோல்ட் உருவாக்கிய கலப்பினம். வெளிறிய ஒயின்களுக்கு நிறமேற்றத்தான் முதலில் நினைத்தார்கள். பிறகு தனி ஒயினாகவே விலைபோனது. கருமையாக, பழச்சுவையோடு இருக்கும். பல்பொருள் அங்காடியில் கிடைப்பவற்றில் பல இனிப்பானவை என்பதால் இதை வாங்கும்போது மட்டும் அட்டையை இரண்டு முறை படியுங்கள். பீட்சாவுக்குக் குறை சொல்லமாட்டேன். மானுக்கு வேண்டாம்.

ஆர் பள்ளத்தாக்கைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. பான் நகருக்குத் தெற்கே, ரைனில் கலக்கும் சிறிய ஆறு ஆர். ஏறத்தாழ 50.5 பாகை வட அட்சரேகை. இவ்வளவு வடக்கே சிவப்புத் திராட்சை பழுப்பதே வியப்பு. மேற்குக் காற்றை ஐஃபல் மலைகள் தடுக்கின்றன. குறுகிய பள்ளத்தாக்கின் தெற்கு நோக்கிய சரிவுகள் கரும் சிலேட்டுக்கல்லால் ஆனவை. பகலில் கல் வாங்கிய வெப்பம் இரவில் கொடிக்குப் போகிறது. மொத்தமே 500 ஹெக்டேருக்குச் சற்று மேற்பட்ட இந்தச் சின்னஞ்சிறு பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு ஸ்பேட்புர்குண்டர். மாய்ஷோஸ் ஊரின் தோட்டக்காரர் கூட்டுறவுச் சங்கம் 1868-இல் தொடங்கியது, உலகின் மிகப் பழைய ஒயின் கூட்டுறவுகளில் ஒன்று. சரிவுகளின் நடுவே செல்லும் சிவப்பு ஒயின் நடைபாதை 35 கிலோமீட்டர் நீளம்.

2021 ஜூலை 14 இரவு அந்தச் சிற்றாறு பொங்கி ஊர்களுக்குள் புகுந்தது. பள்ளத்தாக்கில் மட்டும் 130-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒயின் நிலவறைகள், பீப்பாய்கள், எந்திரங்கள் எல்லாம் போயின. வெர்னர் நேக்கலின் மகள்கள் மைக்கவும் டோர்ட்டவும் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு, ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு மணிக்கணக்கில் தொங்கி உயிர் பிழைத்தார்கள். கொடிகள் மேலே சரிவில் இருந்ததால் பெரும்பாலும் தப்பின. அந்த ஆண்டே மற்றப் பகுதித் தோட்டக்காரர்கள் வந்து அறுவடைக்குக் கைகொடுத்தார்கள். சேற்றிலிருந்து எடுத்த புட்டிகளைக் கழுவாமல் அப்படியே 'வெள்ள ஒயின்' என்று நன்கொடைக்காக விற்றார்கள். ஆர் ஒயினை எதற்கு வாங்கவேண்டும் என்று கேட்டால் சுவையையே முதல் காரணமாகச் சொல்வேன்: இறுக்கமான, கல்லின் உலர்ந்த சாயல் கொண்ட, புளிப்பு நிமிர்ந்து நிற்கும் ஒயின். அந்த ஊர்க்காரர்களின் நிலையும் மனத்தில் இருந்தால் தவறில்லை.

பாடன் வேறு குணம். ஜெர்மனியின் தென்மேற்கு மூலை, நாட்டிலேயே வெயில் கூடுதலான இடம். ஜெர்மனியின் ஸ்பேட்புர்குண்டரில் ஏறக்குறைய பாதி இங்கேதான் விளைகிறது. கைசர்ஸ்டூல் அணைந்துபோன எரிமலை. அங்கு விளைவது பழுத்த பழச்சுவையோடு, தோள் அகன்று இருக்கும். மால்டர்டிங்கன் பக்கம் சுண்ணாம்பு மண், அங்கு மென்மை. பூர்க்ஷ்டட்டின் செம்மணற்கல்லில் வருவது இவற்றையெல்லாம்விட மெல்லியது, மிளகு வாசம் கொண்டது. குழப்பமாக இருந்தால் இப்படி வைத்துக்கொள்ளலாம்: குழம்பு அடர்த்தியாக இருந்தால் பாடன், லேசாக இருந்தால் ஆர் அல்லது ஃபிராங்கன்.

குழம்பு என்று சொல்லிவிட்டேன், அதுதான் முக்கியம். சிவப்பு இறைச்சிக்குச் சிவப்பு ஒயின், வெள்ளை இறைச்சிக்கு வெள்ளை ஒயின் என்ற பழைய சூத்திரம் பாதி வழிக்குத்தான் வரும். இறைச்சி எது என்பதைவிட அதன்மேல் ஊற்றியிருக்கும் சாறு எது, எப்படிச் சமைத்தார்கள் என்பதைப் பாருங்கள். இதற்குக் காரணம் வாய்க்குள் நடப்பது. ஒயினுக்குத் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால், பாக்கு மென்றதும் வாய் பிடித்துக்கொள்வதுபோல நாக்கு வறள்கிறது. தட்டில் புரதமும் கொழுப்பும் இருந்தால் டானினுக்கு அங்கே வேலை கிடைத்துவிடும், துவர்ப்பு தணியும். உப்பும் துவர்ப்பைத் தணிக்கும். புளிப்பின் கதை வேறு: உணவு ஒயினைவிடப் புளிப்பாக இருந்தால் ஒயின் தட்டையாகிவிடும், அதேபோல உணவு ஒயினைவிட இனிப்பாக இருந்தால் ஒயின் வெறும் காடியாகத் தெரியும். கொழுப்பை வெட்டித் துடைத்து அடுத்த கவளத்துக்கு வாயைத் தயாராக்குவது புளிப்பின் வேலை. ஸ்பேட்புர்குண்டரிடம் டானின் குறைவு, புளிப்பு மிகுதி. ஆகவே கொழுப்பு நடுத்தரமாக உள்ள, மெல்ல வெந்த, மணமுள்ள உணவுதான் அதன் இணை. தீயில் கருகிய தடிமனான மாட்டிறைச்சித் துண்டுக்கு அது ஈடுகொடுக்காது.

மான் ஏன் இவ்வளவு பொருந்துகிறது என்பது இப்போது விளங்கும். காட்டில் மேய்ந்த மானின் இறைச்சியில் கொழுப்பு மிகக் குறைவு. துவர்ப்பு மிகுந்த ஒயின் அதை இன்னும் வறட்டும். இறைச்சிக்கென்று ஒரு நுண்ணிய காட்டு மணம் இருக்கிறது, ஸ்பேட்புர்குண்டரின் சருகு வாசம் அதோடு கைகோக்கும். ஜூனிப்பர் காய், பிரிஞ்சி இலை, கொஞ்சம் ஒயின் சேர்த்து வற்றவைத்த சாறு ஊற்றுவார்கள். அதே ஒயின் மேசையிலும் இருந்தால் தொடர்ச்சி தானாக வரும். பக்கத்தில் ஸ்பெட்ஸ்ல என்ற முட்டை மாவுத் துண்டுகள், வெண்ணெயில் வதக்கிய காளான், சிவப்பு முட்டைக்கோஸ். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை: கூடவே ஒரு கரண்டி லிங்கன்பெரி ஜாம் வைப்பார்கள். ஒவ்வொரு கவளத்திலும் அதை அள்ளிப் பூசினால் ஒயின் செத்துவிடும். கத்தி நுனியளவு தொட்டுக்கொள்ளுங்கள். முட்டைக்கோஸிலும் ஆப்பிளும் சர்க்கரையும் சேர்ப்பது வழக்கம் என்பதால் கொஞ்சம் பழுத்த பாடன் ஒயின் அந்த இனிப்பை ஆரைவிட நன்றாகத் தாங்கும். உங்கள் விருந்துக்கு நான் பாடனை முதலில் சொன்னது இதனால்தான். மானுக்குப் பதில் காட்டுப்பன்றி என்று கடைசி நேரத்தில் மாறினால் லெம்பெர்கருக்குத் தாவுங்கள்.

லெம்பெர்கர் உங்கள் ஊர்ச் சொத்து. ஷ்டுட்கார்ட் நகர எல்லைக்குள்ளேயே திராட்சைச் சரிவுகள் இருக்கின்றன. டிராம் வண்டியிலிருந்தே பார்க்கலாம். ஆஸ்திரியர்கள் ப்ளாவ்ஃபிரான்கிஷ் என்று அழைக்கும் இத்திராட்சை ஜெர்மனியில் கிட்டத்தட்ட முழுவதும் ஷ்டுட்கார்ட்டைச் சுற்றியுள்ள வூர்ட்டெம்பெர்க்கில்தான் விளைகிறது. நாவல் நிறம், மிளகுக் காரம், ஸ்பேட்புர்குண்டரைவிடக் கெட்டியான துவர்ப்பு. இந்தப் பகுதி மக்களான ஷ்வாபியர்களின் 'ஸ்வீபல்ரோஸ்ட்பிராட்டன்', அதாவது பொரித்த வெங்காயம் குவித்த மாட்டிறைச்சிக்கு அதை விட்டால் வேறு ஒயின் இல்லை. உங்களை அழைத்தவர் ஷ்வாபியர் என்றால் நல்ல லெம்பெர்கரைப் பார்த்ததும் முகம் மலரும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

அங்கேயே ட்ரோலிங்கர் என்று ஒன்று இருக்கிறது. ரோஜா நிறம், துவர்ப்பே இல்லை, தாகத்துக்குக் குடிக்கிற ஒயின். வெளியூர்க்காரர்கள் கேலி செய்வார்கள். உள்ளூர்க்காரர்கள் கைப்பிடி வைத்த கால் லிட்டர் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அசராமல் குடிப்பார்கள். வாசலில் துடைப்பம் தொங்கவிட்டு, ஆண்டில் சில மாதங்கள் மட்டும் தோட்டக்காரர்கள் தங்கள் வீட்டிலேயே நடத்தும் 'பேசன்' கடைகளுக்கு ஒருமுறை போய்வாருங்கள். அங்கே காடி தெளித்த பருப்பும் ஸ்பெட்ஸ்லயும் தொத்திறைச்சியும் வரும். காடியின் புளிப்பு எந்தப் பெரிய ஒயினையும் சாய்த்துவிடும்; குளிர்ந்த ட்ரோலிங்கர் அதைப் பொருட்படுத்தாது. மவுல்டாஷன் என்ற பொதிந்த மாவுப் பைகளுக்கும் அதுவே. நோன்பு நாளில் இறைச்சியைக் கடவுள் கண்ணில் படாமல் மாவுக்குள் ஒளித்துவைத்தது மவுல்பிரான் மடத்துத் துறவிகளின் வேலை என்று கதை. 2009 முதல் அந்தப் பண்டத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் பாதுகாப்பு இருக்கிறது. ஒளித்துவைத்தது அம்பலமானதில் அவர்களுக்கு நஷ்டமில்லை.

நவம்பர் என்றால் வாத்துக்காலம். 11-ஆம் தேதி செயின்ட் மார்ட்டின் திருநாளை ஒட்டி உணவகங்களில் பெருவாத்து வறுவலும் உருளைக்கிழங்கு உருண்டையும் கிடைக்கும். கொழுப்பு வழியும் அந்த வாத்துக்கு ஸ்பேட்புர்குண்டரின் புளிப்பு எலுமிச்சை பிழிந்த வேலையைச் செய்யும். ரைன் கரையின் சவர்பிராட்டன் கொஞ்சம் சிக்கலானது: இறைச்சியைக் காடியிலும் ஒயினிலும் நாள்கணக்கில் ஊறவைத்து, பிறகு உலர்திராட்சை போட்டுச் சாற்றை இனிப்பும் புளிப்புமாக ஆக்குகிறார்கள். இரண்டு பக்கமும் ஒயினுக்குப் பகை. இனிப்பற்ற சிவப்புதான் வேண்டுமென்றால் புளிப்பு நிமிர்ந்த இளம் ஆர் ஒயின் சமாளிக்கும். நானாக இருந்தால் அந்த ஒரு உணவுக்குப் பாதி இனிப்பு வகைக்கு இறங்கிவிடுவேன். ஃபால்ஸ் பகுதியின் சவ்மாகன் என்ற பன்றி இரைப்பைப் பண்டத்துக்கு அவர்கள் பெரும்பாலும் ரீஸ்லிங் வெள்ளையைத்தான் ஊற்றுவார்கள், அது சரியும்கூட.

மீன்? டானினோடு மீன் சேர்ந்தால் வாயில் தகர வாடை வரும் என்பது பலர் அனுபவம். ஒயினில் கரைந்துள்ள இரும்பு மீன் கொழுப்போடு வினைபுரிவதும் அதற்குக் காரணம். ஆனாலும் வாணலியில் வறுத்த சால்மன், மேலோட்டமாக வாட்டிய சூரை இரண்டும் லேசான ஸ்பேட்புர்குண்டரோடு ஒத்துப்போகும். மத்தி, ஹெர்ரிங், புகையூட்டிய கானாங்கெளுத்தி ஆகியவற்றுக்கு வேண்டாம்.

உங்கள் மனைவிக்கு வருவோம். ஒரு வகையில் அவருக்குத்தான் இந்த ஒயின் அதிகம் பொருந்தும். காளானும் ஸ்பேட்புர்குண்டரும் சேர்ந்தால் இறைச்சி இல்லாத குறையே தெரியாது: வெண்ணெயிலும் பார்ஸ்லியிலும் வதக்கிய ஃபிஃபர்லிங் காளான், கிரீம் சாற்றில் காளானும் ரொட்டி உருண்டையும். காளானின் மண்வாசம் அந்த ஒயினின் மண்வாசத்தை எழுப்பிவிடும். பாலாடைக்கட்டியும் பொன்னிற வெங்காயமும் அடுக்கிய கேஸ்ஸ்பெட்ஸ்லயும் நன்றாகப் போகும். கொழுப்பு அதிகம் என்பதால் கொஞ்சம் கெட்டியான லெம்பெர்கர்கூடத் தாங்கும். சுட்ட பீட்ரூட், சுட்ட பூசணி, வறுத்த செஸ்ட்நட் இவையும் பழுதில்லை. தவிர்க்கவேண்டியது காடியில் ஊறிய சாலட், அஸ்பாரகஸ், நீலப்பூஞ்சைப் பாலாடைக்கட்டி. பாலாடைக்கட்டியில் மலைப்பகுதிக் கெட்டிவகைகளே பத்திரமானவை.

சைவம் என்றதால் இன்னொன்று. ஒயினைத் தெளியவைக்க முட்டை வெள்ளைக்கரு, ஜெலட்டின் போன்றவற்றைச் சில தயாரிப்பாளர்கள் பயன்படுத்துவார்கள். ஜெலட்டின் விலங்கிலிருந்து வருவது. முட்டையும் பாலும் ஒவ்வாமைப் பொருள்கள் என்பதால் எச்சம் இருந்தால் அட்டையில் சொல்லவேண்டும். ஜெலட்டினுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. அதில் கவனமாக இருப்பவர் என்றால் 'வீகன்' என்று அச்சிட்ட புட்டியாகப் பாருங்கள். ஜெர்மனியில் அது தாராளமாகக் கிடைக்கிறது, சுவையில் வேறுபாடில்லை.

நம் சமையலோடு குடிக்கலாமா என்ற மூன்றாவது கேள்விக்கு என் பதில் பாதி ஆம். மிளகாயின் எரிச்சலை ஆல்கஹால் கூட்டிவிடும், துவர்ப்பு அதன்மேல் ஏறி உட்காரும். புளிக்குழம்பு, வற்றல் குழம்பு, காரமான மீன் குழம்பு எதற்கும் சிவப்பு ஒயின் சரிவராது. அவற்றுக்கு மோரைக் குடித்துவிட்டு நிம்மதியாக இருங்கள். மிளகாய் குறைந்து மிளகும் சோம்பும் பட்டையும் தூக்கலாக இருக்கும் உணவுகள் வேறு கட்சி. அளவாக மிளகு போட்ட ஆட்டிறைச்சி வறுவல், தேங்காய்ப்பால் ஊற்றாத காளான் மிளகு வறுவல், காரம் தணித்த பிரியாணி இவற்றோடு, டானின் மிகக் குறைந்த, குளிரவைத்த ஸ்பேட்புர்குண்டர் நன்றாகவே நிற்கும். ஓக் வாசனை தூக்கலான விலையுயர்ந்த புட்டியை இதற்குத் திறக்காதீர்கள், மசாலா அதை விழுங்கிவிடும்.

பரிமாறும் வெப்பநிலையில்தான் நல்ல ஒயின்கள் அதிகம் கெடுகின்றன. 'அறை வெப்பநிலை' என்பது மத்திய வெப்பமூட்டி வருவதற்கு முந்தைய காலத்து அறை. நவம்பரில் ஜெர்மன் வீட்டு வரவேற்பறை 22 பாகையில் இருக்கும். அந்தச் சூட்டில் ஸ்பேட்புர்குண்டரில் ஆல்கஹால் முந்திக்கொண்டு மூக்கைக் குத்தும். 14 முதல் 16 பாகை சரி. கிளம்புவதற்கு முன் அரைமணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்தால் போதும், போகிற வழியின் குளிர் மீதியைப் பார்த்துக்கொள்ளும். ட்ரோலிங்கர் 12 பாகையிலும் சுகம். லெம்பெர்கருக்கு 16-க்கு மேல் கொஞ்சம் போகலாம். வயிறு அகன்ற பெரிய குவளையில் மூன்றில் ஒரு பங்குக்குமேல் ஊற்றாதீர்கள். இளம் ஒயினை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் காற்றாடவிடத் தேவையில்லை; அரைமணி முன்னதாகத் திறந்தாலே விரிந்துவிடும். மீந்தால் மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள், இரண்டு மூன்று நாள் தாங்கும்.

விலையைப் பொறுத்தவரை 12 முதல் 20 யூரோவுக்குள் நேர்மையான பாடன் ஓர்ட்ஸ்வைன் கிடைக்கும். ஆரின் செங்குத்துச் சரிவில் எந்திரம் ஏறாது, எல்லாம் கைவேலை என்பதால் அதே தரத்துக்கு அங்கு கொஞ்சம் கூடும். 5 யூரோ ஸ்பேட்புர்குண்டரை வாங்கவேண்டாம். குறைந்த விளைச்சலைக் கேட்கும் இந்தத் திராட்சையில் மலிவு என்பது நேராகச் சுவையில் தெரிந்துவிடும். அந்த விலைக்கு ட்ரோலிங்கரே மேல். கடைக்காரர் உள்ள ஒயின் கடையில் 'மானுக்கு, இனிப்பற்ற பாடன் ஸ்பேட்புர்குண்டர், ஓக் வாசனை தூக்கலாக வேண்டாம்' என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியத்துக்கே மதிப்பு கூடும்.

கடைசியாக ஒரு நடைமுறை. பொதுவாகப் பரிசாகக் கொண்டுபோன புட்டியை விருந்தளிப்பவர் அன்றே திறக்கவேண்டும் என்ற கட்டாயம் இங்கே இல்லை. எடுத்துவைத்துக்கொண்டால் வருத்தப்படக் கூடாது. உங்களிடம் ஒயினைக் கேட்டே அழைத்திருப்பதால் அது அன்று மேசைக்கு வரும். எத்தனை பேர் என்று கேட்டுக்கொண்டு, நால்வருக்கு மேல் என்றால் இரண்டு புட்டிகளாகவே வாங்கிச் செல்லுங்கள். இரண்டாவதாக ஒரு லெம்பெர்கரை எடுத்தால் எதுவும் கெட்டுவிடாது.